மன்னிப்புக்கு அனுமதி இல்லை

ஃபைட்டர் மீன் வளர்ப்பவர்களின் குழுவில் மூன்று வருஷமாக ஒரு சண்டைகூட நடக்கவில்லை என்றால், மீன் வளர்க்கிற எவரும் நம்பமாட்டார்கள். மீன்களை அடக்குவது சுலபம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில், பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஓர் அட்டை, அவ்வளவுதான். வளர்க்கிறவர்களுக்கு நடுவில் அப்படி அட்டை வைக்க முடியாது. தண்ணீரில் போடுகிற வாதாம் இலை தானாகப் பழுத்து விழுந்ததா, பறித்துக் காயவைத்ததா என்று தொடங்குவார்கள். கடைசியில் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போகாமல் இருப்பதில் வந்து முடியும்.

‘தென்னக ஃபைட்டர் அன்பர்கள்’ குழுவும் அப்படித்தான் இருந்தது. நானூறு பேர். நானூறு பேருக்கும் தான் ஒருவர்தான் விஷயம் தெரிந்தவர் என்ற நினைப்பு. இப்போது அங்கே போய்ப் பார்த்தால் ஒரே பன்னீர்த் தெளிப்பு. ‘அருமை’ என்பார்கள். ‘தாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்பார்கள். குழுவை நடத்துகிற பொற்கொடிக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. அந்த அமைதியைக் கொண்டுவந்தவளே அவள்தான்.

கொண்டுவந்தாள் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, போனில் குழு நடக்கிற செயலியில் ஒரு பட்டனை அழுத்தினாள். அந்த வசதிக்கு ‘இதம்’ என்று பெயர். அது எதையும் அழிக்காது, யாரையும் வெளியே தள்ளாது. ஒருவர் எழுதுவதற்கும் இன்னொருவர் படிப்பதற்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். ‘உன் மூஞ்சியும் உன் மீனும்’ என்று ஒருவர் எழுதினால், ‘உங்கள் மீனைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள ஆவல்’ என்று மற்றவருக்குப் போய்ச் சேரும். எழுதியவர் திரையில் அவர் எழுதியது எழுதியபடியே இருக்கும். திட்டியவருக்குத் திட்டிய நிம்மதி, வாங்கியவருக்குப் பாராட்டு கிடைத்த சந்தோஷம். சேரும்போதே எல்லோரும் சம்மதம் கொடுத்திருந்தார்கள், சம்மதம் என்று பட்டன் இருந்தால் எதற்கென்று படிக்காமலே அழுத்துகிறவர்கள்தானே நாம் எல்லோரும்.

பொற்கொடிக்கு வேலை கொரட்டூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். வீடும் பக்கத்திலேயே. பால்கனி முழுக்க பாட்டில்கள். ஆண்டுக் கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்த வாரம் அது. பழைய சண்டையோடு நின்றுபோன கண்காட்சி, மூன்று வருஷத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போகிறது. காலையில் தீனி போட்டுக்கொண்டிருந்தபோது சேலத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. சிவப்பு மீன் கேட்டு அவளிடம் குஞ்சுகள் வாங்கியவர் எழுதியிருந்தார்.

‘மேடம், சிவப்பு என்று வாங்கிய குஞ்சுகள் வளர்ந்து நாவல் நிறத்தில் நிற்கின்றன. எதிர்பாராத பரிசு. மிக்க நன்றி.’

நிஜத்தில் அந்த ஆள் என்ன எழுதியிருப்பார் என்று ஊகிக்க அவளுக்குப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை. ஆனால் கையிலிருந்த தீனி டப்பா கீழே விழுந்தது அதனால் அல்ல.

‘நாவல்’ அவளுடைய மீன். நாவல்பழக் கறுப்பில் உடம்பும் ஓரம் மட்டும் வெள்ளை கட்டிய வாலும் வருவதற்கு நான்கு வருஷம் ஜோடி சேர்த்துச் சேர்த்துப் பார்த்திருக்கிறாள். அதில் ஒரு குஞ்சைக்கூட அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. கொடுத்ததில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பால்கனிக்குப் போய்ப் பாட்டில்களைப் பார்த்தாள். சின்ன வயசில் எல்லாக் குஞ்சுகளும் ஒரே பழுப்பு. எது எந்த ஜோடியின் பிள்ளை என்பதற்குப் பாட்டிலில் இருக்கும் எண்தான் ஆதாரம். உப்புத் தண்ணீரில் கழுவும்போது பாட்டிலில் எழுதிய மை போய்விடுகிறதென்று பொற்கொடி எண்ணை மூடியில் எழுதுவாள். கழுவுகிற நாளில் மூடியெல்லாம் ஒரே வாளியில் கிடக்கும். எடுத்து எடுத்துப் போடுவாள். லேபில் அவளே ரத்தக் குழாயின் மூடியில் பெயர் எழுதுகிற பயிற்சிப் பெண்களைப் பிடித்து வாட்டுவாள், “மூடி மாறினா ஆளே மாறிடும்மா” என்று. வீட்டுக்கு வந்தால் அந்த ஞானம் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

அப்படியானால் கஸ்பார் சொன்னது நிஜம்.

பால்கனித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கஸ்பார் தூத்துக்குடிக்காரன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். சென்னைக்கு ஒரு வேலையாக வந்தபோது அவள் வீட்டுக்கு வந்தான், காபி குடித்தான், மீன்களைப் பார்த்து வாய் பிளந்தான். அவளும் மனம் குளிர்ந்து சிவப்புக் குஞ்சு ஒரு ஜோடி கொடுத்தனுப்பினாள். ஆறேழு மாதம் கழித்து அவன் குழுவில் ஒரு படம் போட்டான். நாவல் கறுப்பு, வெள்ளை ஓரம். ‘நீங்க குடுத்த குஞ்சுதான் அக்கா, எப்படி வந்திருக்கு பாருங்க’ என்று எழுதியிருந்தான்.

பொற்கொடி பதிலுக்கு எழுதியதை இப்போது நினைக்கவே கூசியது. நான் காபி போட உள்ளே போன நேரத்தில் திருடியவன் என்று எழுதினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். சோறு போட்ட வீட்டில் கை வைத்தவன் என்றும் எழுதினாள், அன்று சோறுகூடப் போடவில்லை. நானூறு பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு வாரம் குழு கொதித்தது. அவன் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் குடும்பம்வரை இழுத்துச் சிலர் எழுதத் தொடங்கியதும்தான் அவளுக்குப் பயம் வந்து இதத்தை அழுத்தினாள். மறுநாளே கஸ்பாரிடமிருந்து செய்தி: ‘பரவாயில்லை அக்கா. எல்லாம் நல்லதற்கே.’ பெருந்தன்மையான பையன், திருடினாலும் குணம் நல்ல குணம் என்று அவளும் விட்டுவிட்டாள்.

இப்போது, லேபுக்கு லீவு சொல்லிவிட்டு, குழுவில் எல்லோருக்குமாக எழுதினாள். தப்பு என்னுடையது. மூடி மாறியது. கஸ்பார் திருடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். எழுதி முடித்தபோது கண் கலங்கியது. அனுப்பினாள்.

உடனே இதயங்களும் கைகூப்பல்களும் வந்தன. ‘நல்ல செய்தி மேடம்’ என்றார் ஒருவர். ‘கட்டாயம் செய்கிறோம்’ என்றார் இன்னொருவர். என்னத்தைக் கட்டாயம் செய்யப் போகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. கஸ்பாரும் எழுதினான்: ‘சந்தோஷம் அக்கா. ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்ப்போம்.’ கண்காட்சிக்கு அவனும் பெயர் கொடுத்திருக்கிறான்!

அந்தக் ‘கட்டாயம் செய்கிறோம்’ அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வில்லிவாக்கத்துக்குப் போனாள். அங்கே கேசவமூர்த்தி இருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், கண்காட்சி ஏற்பாடெல்லாம் அவர் தலையில். கதவைத் திறந்தவரிடம் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“சார், உங்க போனைக் கொஞ்சம் காட்டுங்க. காலையில நான் போட்ட பதிவு.”

காட்டினார். அவள் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: ‘கண்காட்சிக்கு வரும் அன்பர்கள் பாட்டில்களை நன்றாகக் கழுவி, மூடிகளைச் சரிபார்த்துக் கொண்டுவர வேண்டுகிறேன். கஸ்பாருக்கும் வாழ்த்துகள்.’

பொற்கொடி தன் போனை அவர் கையில் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

“இது நெஜமாம்மா? அந்தப் பையன் எடுக்கலையா?”

“எடுக்கல சார். நான்தான் கொடுத்திருக்கேன். எனக்கே தெரியாம.”

கேசவமூர்த்தி போனை மேசையில் வைத்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“பொற்கொடிம்மா, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவன் பேரு கொடுத்திருக்கான்னு கேள்விப்பட்டதுலேருந்து நம்ம ஆளுங்க பல்லைக் கடிச்சிக்கிட்டு இருக்காங்க. நானும்தான். மூணு வருஷமா என்ன எழுதினாலும் அவன் பாட்டுக்கு ‘நன்றி ஐயா, நன்றி ஐயா’ங்கறான். எவ்வளவு கொழுப்புன்னு நெனைச்சோம். நேர்ல வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கலாம்னு நாப்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க.”

“நீங்க எல்லாருக்கும் சொல்லிடுங்க சார்.”

“எதுல சொல்ல? வில்லிவாக்கத்துல இருக்கற நாலு பேருக்கு நடந்து போய்ச் சொல்லலாம். கோயம்புத்தூர்லேருந்து வர்றவனுக்கு, நாகர்கோயில்லேருந்து வர்றவனுக்கு?”

அவர் எதிரிலேயே அவள் இதத்தின் உதவி மையத்தைக் கூப்பிட்டாள். தேன் தடவிய குரல் ஒன்று எடுத்தது. மனிதக் குரலா வேறா என்று இப்போதெல்லாம் யாருக்குத் தெரிகிறது.

“நான் ஒருத்தர்கிட்ட மன்னிப்பு கேக்கணும். உங்க இதம் விடமாட்டேங்குது.”

“மன்னிப்புன்னா பழைய பிரச்சினையை மறுபடி பேசறது இல்லையா மேடம். படிக்கறவங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும், திரும்பச் சண்டை வர வாய்ப்பு ரொம்ப அதிகம். அதனால அதைக் கொஞ்சம் இதமா மாத்திக் கொடுக்கும்.”

“இதமா மாத்தினா அது மன்னிப்பே இல்லையே! பாட்டிலைக் கழுவிக் கொண்டு வாங்கன்னு போயிருக்கு.”

“அதுல யாருக்கும் மனவருத்தம் வரலையே மேடம்.”

“அப்போ போன் பண்ணிப் பேசிடறேன்.”

“தகராறு ஆன குழுன்னு ஒரு தடவை பதிவாயிட்டா, உறுப்பினருங்க போன் பேச்சும் இதம் வழியாத்தான் மேடம் போகும். குரல் உங்களோடதுதான் இருக்கும், கவலைப்படாதீங்க.”

“எனக்கு இது வேண்டாம். குழுவுலேருந்து எடுத்துடுங்க.”

“தாராளமா மேடம். உறுப்பினர் எல்லாரும் சம்மதிச்சா உடனே எடுத்துடலாம்.”

“எல்லார்கிட்டயும் எப்படிக் கேக்கறது?”

“குழுவுல ஒரு பதிவு போடுங்க மேடம்.”

கேசவமூர்த்தி சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டு, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பொற்கொடி குடிக்கவில்லை. சொந்தமாக வீட்டைக் கட்டி, உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டு, சாவியை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தவளாகத் தன்னை நினைத்துக்கொண்டாள். எறிந்தபோது நானூறு பேரும் கைதட்டினார்கள் என்பது வேறு.

வெள்ளிக்கிழமை காலை தூத்துக்குடியில் இறங்கினாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் அவன் திட்டுவான், திட்டட்டும். மூன்று வருஷமாக இந்த ‘பரவாயில்லை அக்கா’வுக்குப் பின்னால் என்னென்ன எழுதிப் பார்த்தானோ. எல்லாவற்றையும் நின்று கேட்டுக்கொள்ள வேண்டும், அதன் பிறகு மன்னிப்பு, அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எச்சரிக்கை. இந்த வரிசையில் அவள் மனசில் எல்லாம் தயாராக இருந்தது.

கதவைத் திறந்தவன் அவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்தான்.

“ஏ ஜெசிந்தா, யாரு வந்திருக்கான்னு பாரு! அக்கா! என்னக்கா, ஒரு வார்த்தை சொல்லிருந்தா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்லா!”

அவனுடைய மனைவி ஜெசிந்தா உள்ளேயிருந்து ஈரக்கையோடு ஓடிவந்து பொற்கொடியின் பையை வாங்கிக்கொண்டாள். “இவுக நாளு தவறாம ஒங்க பேச்சுதான் பேசுவாக,” என்றாள். நாற்காலி வந்தது, முந்திரி மக்ரோன் வந்தது, டீ வந்தது. பொற்கொடிக்கு ஒத்திகை பார்த்த ஒரு வரிகூட வாயில் வரவில்லை. சுவரோரமாக ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்த பாட்டில் இரண்டு, தெர்மாகோல் பெட்டியில் தயாராக இருந்தன. நாவல் ஜோடி. அவளுடையதைவிட வால் நன்றாக இருந்தது.

“கஸ்பாரு, நான் எதுக்கு வந்தேன்னா…”

“தெரியும்க்கா. கூடவே கூட்டிட்டுப் போலாம்னுதான? நானே வாறேன், டிக்கெட் எடுத்தாச்சு.”

“அது இல்ல. அன்னிக்கு நான் உன்னைச் சொன்னது…”

“அத எதுக்குக்கா இப்ப?” அவன் முகம் இளகியது. “அதத்தான் நீங்க அன்னைக்கே பேசி முடிச்சிட்டீயளே. இந்தப் பாருங்க, இன்னும் வச்சிருக்கேன்.”

போனை எடுத்து எதையோ தட்டி மேசையில் வைத்தான். பொற்கொடியின் குரல் கேட்டது.

‘தம்பி… நான் பெரிய தப்பு பண்ணிட்டேன் தம்பி. உன் மேல எந்தக் குத்தமும் இல்ல. கோவத்துல என்ன பேசறேன்னு தெரியாமப் பேசிட்டேன். குழுவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நீ என்னை மன்னிக்கலைன்னாலும் பரவாயில்லை, நீ நல்லா இருக்கணும்…’

நடுவில் குரல் உடைந்தது, மூக்கை உறிஞ்சியது, மறுபடி தொடர்ந்தது. அவளுடைய குரல்தான். அவளுக்கே தெரியாத ஒரு நல்ல பொம்பளை அந்தக் குரலுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“நீங்க என்னைத் தம்பின்னு கூப்பிட்டதே இல்லக்கா, பேரு சொல்லித்தான் கூப்பிடுவீய. இதுல தம்பின்னதும் எனக்கு அழுக வந்துட்டு,” என்றான் கஸ்பார். “அந்த வாரம் நான் இருந்த இருப்பு வேற. பாட்டில எல்லாம் ஒடச்சுப் போடப் போனேன். ஜெசிந்தாகிட்ட கேளுங்க. இது வந்துதான் மனசு ஆறுச்சு. மறுநாளு குழுவுலயும் எல்லாரும் வருத்தம் தெரிவிச்சாக. கேசவமூர்த்தி சாரு எவ்வளவு நல்லா எழுதியிருந்தாரு!”

பொற்கொடி டீயைக் கீழே வைத்தாள். இப்போது வாயை மூடிக்கொண்டு, ஆமாம் தம்பி என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. மக்ரோனைச் சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் போகலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்த மனிதன் இதே சிரிப்போடு அந்த மண்டபத்துக்குள் நுழைவான். உள்ளே நாற்பது பேர் காத்திருப்பார்கள்.

“அது நான் இல்ல,” என்றாள்.

“எது?”

“அந்தக் குரல். நான் பேசல. அப்போ நான் உன்னைத் திருடன்னுதான் நெனைச்சுக்கிட்டு இருந்தேன். இந்த வாரம் வரைக்கும்.” அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. மூடி மாறியதைச் சொன்னாள், இதத்தைப் பற்றிச் சொன்னாள், அவள் எழுதிய மன்னிப்பு பாட்டில் கழுவப் போனதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே தெரிந்தது, அந்தக் குரல் கேட்ட மன்னிப்பு எவ்வளவு அழகாக இருந்தது, இது எவ்வளவு கோணலாக வருகிறது என்று. பாதி மன்னிப்பு, பாதி மூடியைப் பற்றிய விளக்கம்.

கஸ்பார் மேசையில் கிடந்த போனைப் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

“அப்ப கேசவமூர்த்தி சாரு எழுதுனது?”

“அவர் எழுதினது அது இல்ல.”

“நாகர்கோயில் ஆளு? என் மீனப் பாத்துட்டு, கையெடுத்துக் கும்பிடுதேன்னு எழுதுனாரே.”

“இல்ல கஸ்பாரு.”

“ஒருத்தருமா இல்ல?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். நானூறு பேர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடிய மூன்று வருஷத்தில், அந்தக் கொண்டாட்டத்தில் அவன் ஒருவன்தான் இருந்திருக்கிறான்.

“அப்ப அங்க இன்னும் நான் களவாணிதான்,” என்றான். ஜெசிந்தா வந்து மக்ரோன் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவன் எழுந்து மாடிக்குப் போனான், மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பொற்கொடி காத்திருந்தாள். வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தும் அவன் இறங்கவில்லை.

“நீங்க கெளம்புங்க,” என்றாள் ஜெசிந்தா. ‘அக்கா’வை அவள் விட்டுவிட்டாள். “அவுக இனி எறங்கி வர மாட்டாக.”

மதுரைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மதுரையில் ரயிலைப் பிடிக்கலாம். அழக்கூடத் தோன்றவில்லை. பஸ் ஊரைத் தாண்டி உப்பளங்களையும் தாண்டிய பிறகு பைக்குள் போன் சத்தம் போட்டது. கஸ்பார்.

‘அக்கா, நடந்தது நடந்துவிட்டது. உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. உங்களை மனதார மன்னித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வருகிறேன்.’

அப்பாடா என்று இருந்தது. கையெடுத்துக் கும்பிடலாம்போல இருந்தது. பக்கத்திலிருந்த அம்மாளிடம் காரணமில்லாமல் சிரித்தாள். இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் சிரிப்பு நின்றது.

‘மனதார’ என்று அவன் எழுதுவானா? எழுதலாம், எழுதுகிறபோது ஆட்கள் வேறு மாதிரித்தானே எழுதுகிறார்கள். நாசமாய்ப் போ என்று எழுதி, அது இப்படி வந்திருக்கலாம். இனி என் முகத்தில் விழிக்காதே என்று எழுதியிருக்கலாம். இல்லை, நிஜமாகவே மன்னித்திருக்கலாம். அப்படி மன்னித்திருந்தாலும் இதே எழுத்துதான் வந்திருக்கும். அதுதான் அவளை உலுக்கியது. அவன் உண்மையாகவே மன்னித்திருந்தாலும் இந்த ஜன்மத்தில் அவளால் அதை நம்ப முடியாது. என்ன எழுதினாய் என்று அவள் கேட்டால் அந்தக் கேள்வியும் என்னவாகப் போய்ச் சேரும் என்று தெரியாது.

எட்டயபுரத்தில் பஸ் நின்றது. பொற்கொடி பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கண்டக்டர், “மதுரை டிக்கெட்லாம்மா?” என்றார். பதில் சொல்லாமல் சாலையைக் கடந்து, தூத்துக்குடி போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவிளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. கஸ்பாரே கதவைத் திறந்தான். கண் வீங்கியிருந்தது.

“திரும்ப என்னக்கா?”

“நீ எனக்கு என்ன எழுதின? உன் வாயால சொல்லு, அது போதும். எதுவா இருந்தாலும் சரி.”

“எழுதுனேனா? நான் ஒண்ணும் எழுதலியே.”

“எழுதியிருக்கியே, இதோ…”

“நான் இப்பதான்க்கா மாடியவிட்டு எறங்குதேன். போனு அந்தா, மேசைலதான் கெடக்கு. நீங்க இருந்தப்ப வச்சது, எடுக்கவே இல்ல.”

இரண்டு பேரும் உள்ளே திரும்பிப் பார்த்தார்கள். காலையில் குரல் கேட்பதற்காக அவன் வைத்த இடத்தில், மேசையின் நடுவில், அது அப்படியே கிடந்தது. அவர்கள் பேசியது முழுக்க அதன் எதிரில்தான் பேசினார்கள்.

பொற்கொடி தன் போனை அவனிடம் நீட்டினாள். அவன் வாசலில் நின்றபடி படித்தான். தன் பெயரில் வந்த மன்னிப்பை ஒரு தடவை படித்துவிட்டு, உதட்டைச் சுழித்தான்.

“நல்லாத்தான் எழுதியிருக்கு,” என்றான்.

அவள் போனையும் உள்ளே மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு தெருவுக்கு இறங்கினான். அவளும் பின்னால் போனாள். எதிர்வீட்டுச் சுவரோரமாகப் போய் நின்றான். எப்படித் தொடங்குவது என்று அவனுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக யாரோடும் கோபப்பட்டுப் பழக்கமில்லாதவன்.

“நான் மன்னிக்கலக்கா,” என்றான்.

“சரி.”

“அந்தக் குரலக் கேட்டுக் கேட்டுத்தான் நான் தூங்கியிருக்கேன். இன்னைக்கு அதயும் எடுத்துட்டுப் போயிட்டீய. களவாணின்னு சொன்னதாவது போவட்டும்னு விட்டிருப்பேன் போல. இத விட முடியல. மன்னிக்க மனசு வரும்னும் தோணல.”

“சரி கஸ்பாரு.”

“ஆனா ஞாயித்துக்கெழம வருவேன். நான் ஏன் வராம இருக்கணும்? நீங்க அந்த நாப்பது பேரு முன்னால நின்னு சொல்லணும். மைக்கு எதும் கூடாது.”

“வாசல்ல நானே நின்னு எல்லார் போனையும் வாங்கி வெளியே வெச்சிடறேன். அப்புறம் சொல்றேன்.”

“சொல்லிட்டா மன்னிச்சிருவேன்னு நெனைக்காதீய.”

“நெனைக்கல.”

அவனுக்குக் குரல் உயர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. காபி குடித்த வீட்டிலா நான் திருடுவேன் என்று கேட்டான், என் பிள்ளைகளைப் பற்றிப் படித்தபோது உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்று கேட்டான், என்ன பொம்பளை நீங்க என்று கேட்டான். ஒரு வார்த்தைகூட மாறாமல், அவன் சொன்னது சொன்னபடி அவள் காதில் விழுந்தது. வலித்தது. அதைக் கேட்கத்தான் அவள் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்திருந்தாள்.

உள்ளே, சாத்திய கதவுக்குப் பின்னால், மேசையில் கிடந்த போன் ஒரு தடவை மணி அடித்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்றும் அடித்தது. கஸ்பார் ஒரு நொடி நிறுத்தி வீட்டுப் பக்கம் பார்த்தான்.

“அது கெடக்கட்டும், நீ சொல்லு,” என்றாள் பொற்கொடி.